பரிகரிப்பு, சுத்திகரிப்பு, தேற்றல்: ஆலைக் கழிவுநீருக்கு உரிய சொல்

ஆலைகளின் கழிவுநீரைத் தீங்கற்றதாக்கும் செயலை இலங்கையின் அரச ஆவணங்களும் பாடநூல்களும் ‘கழிவுநீர்ப் பரிகரிப்பு’ என்று குறிக்கின்றன. தமிழ்நாட்டு நாளேடுகள் அதையே ‘கழிவுநீர்ச் சுத்திகரிப்பு’ என்று எழுதுகின்றன. இலங்கையின் வடபகுதியிலுள்ள வன்னியில் இரண்டு சொற்களும் வழங்குகின்றன, பல வேளைகளில் ஒரே கடிதத்திலேயே. இரண்டும் வடமொழி வழியாக வந்தவைதாம். ஆயினும் அவற்றின் பொருள் ஒன்றன்று. ஓர் ஆலையிடம் நாம் எதைக் கேட்க வேண்டும் என்ற வினாவுக்கு விடை அந்த வேறுபாட்டில் இருப்பதால், சொற்களின் பிறப்பைச் சற்றுப் பொறுமையுடன் பார்ப்பது தகும்.

சுத்திகரிப்பு என்பது ‘சுத்தி’ என்ற பெயரின்மேல் எழுந்த சொல். மாசு எதுவும் எஞ்சாத தூய நிலைக்குக் கொண்டுவருதல் அதன் நேர்ப்பொருள். பரிகரிப்பின் மூலம் ‘பரிஹார’. விலக்குதல், நீக்குதல் என்பன அதன் முதற்பொருள்கள். கேட்டை நீக்கும் வழி என்ற கருத்தில் தமிழில் அது ‘பரிகாரம்’ ஆயிற்று. நோயை நீக்குபவர் ‘பரிகாரி’ ஆனார். நம் ஊர்களில் நாட்டு வைத்தியரைப் பரியாரியார் என்று அழைப்பது அச்சொல்லின் பேச்சு வடிவமே. ஆங்கிலத்தார் இச்செயலுக்கு வழங்கும் ‘திரீட்மென்ட்’ என்ற சொல்லும் இலத்தீனில் கையாளுதலைக் குறித்த ஒரு வினையிலிருந்து வந்து, பின்னர் மருத்துவத்துக்கும் உரியதானது. ஆகவே பரிகரிப்பு என்று முதலில் பெயர்த்தவர் பொருளறிந்தே பெயர்த்திருக்கிறார் என்பது என் கருத்து.

வடமொழிச் சார்பின்றித் தமிழிலேயே இதற்கு ஒரு சொல் உண்டா என்றால், உண்டு, அது ‘தேற்றல்’. தேறுதல் என்றால் தெளிதல். கலங்கிய நீர் தேறும், நோயாளி தேறுவார், துயருற்றவரைத் தேற்றுகிறோம். சங்க இலக்கியத்தில் தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்றே பெயர். வறண்ட வலயக் காடுகளில் வளரும் தேற்றா மரத்துக்கும் அதன் பெயர் இவ்வினையிலிருந்தே வந்தது. நாம் அதைத் தேத்தா என்கிறோம். அதன் விதையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டு நீரை ஊற்றிவைத்தால், கலங்கல் அடியிற் படிந்து மேல்நீர் தெளியும். இல்லம் என்பது அம்மரத்தின் பழம்பெயர்களுள் ஒன்று. அதன் விதையால் தேற்றப்பட்ட நீரை ஒரு பெண்ணின் மனத்தெளிவுக்கு உவமையாகக் கலித்தொகை சொல்வதால், அந்த வழக்கமும் அந்தச் சொல்லும் எவ்வளவு பழையன என்பது விளங்கும். விதையிலுள்ள பசைத்தன்மையான பொருள்கள் களிமண்ணின் நுண்துணிக்கைகளை ஒன்றோடொன்று இணைத்துத் திரளச் செய்கின்றன. இன்று நீர் நிலையங்களில் படிகாரம் இட்டுத் திரளச் செய்வதும் இந்நோக்கத்துக்கே. படிகாரம், துணிக்கைகளை ஒன்றையொன்று தள்ளவைக்கும் மறை மின்னேற்றத்தைத் தணித்து அவற்றைச் சேரவிடுகிறது.

ஆலைக் கழிவுநீருக்கு இச்சொல் எவ்வாறு பொருந்துகிறது என்பதைக் காட்ட, வன்னியில் எல்லோரும் அறிந்த அரிசி ஆலையையே எடுத்துக்கொள்ளலாம். அவித்த அரிசிக்கு ஒரு கிலோ நெல்லை ஊறவைத்து அவிக்க ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் கழிகிறது. மாப்பொருளும் வெல்லமும் புரதமும் கரைந்த அந்நீர் இளமஞ்சளாக வெளிவரும். ஒரு நாள் தேங்கினால் புளித்து, மேலே ஆடை படர்ந்து, தெருவரை நாறும். அதில் நஞ்சு எதுவும் சேர்க்கப்படவில்லை, நெல்லிலிருந்து வந்ததுதானே என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் தவறு. அந்நீர் வாய்க்கால் வழியே குளத்தை அடைந்ததும், அதிலுள்ள சேதனப் பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து இறக்கின்றன. நுண்ணுயிர்கள் இவ்வாறு கேட்கும் ஒட்சிசனின் அளவே ‘உயிர் இரசாயன ஒட்சிசன் கேள்வி’ எனப்படுகிறது.

ஆலை வளவுக்குள் தேற்றும்போது இதே நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன. ஆனால் குளத்தின் ஒட்சிசனை எடுக்காமல், தொட்டிக்குள் ஊதப்படும் காற்றை எடுத்துக்கொள்கின்றன. நன்றாக இயங்கும் காற்றூட்டல் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் மொண்டு அரைமணி நேரம் அசைக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சுபோன்ற கபிலத் திரள்கள் மெல்லக் கீழிறங்க, மேலே தெளிநீர் நிற்கும். அந்தத் திரள்கள் நுண்ணுயிர்களின் கூட்டமே. தொட்டியின் உடல்நலத்தை இயக்குநர்கள் நாள்தோறும் அறிந்துகொள்வது பெரும்பாலும் இந்த எளிய சோதனையால்தான்.

அவ்வாறு தேறிய நீர் தூய நீரா? இல்லை, இருக்கவேண்டியதும் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வெளியான ஒழுங்குவிதிகள், நீர் போய்ச்சேரும் இடத்துக்கேற்ப வெவ்வேறு எல்லைகளை வகுத்தன. அவற்றின்படி, உள்நாட்டு நீர்நிலைக்குள் விடுவதாயின் மேற்சொன்ன ஒட்சிசன் கேள்வி லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது. நிலத்துக்குப் பாய்ச்சுவதாயின் 250 மில்லிகிராம் வரை அவை இடமளித்தன. ஒரே ஆலையின் ஒரே நீருக்கு இரு அளவுகோல்கள் இருப்பதால், ‘சுத்தமாயிற்றா’ என்று கேட்பது பயன்தராது. ‘எங்கே போகிறது, அவ்விடத்துக்குத் தேறியதா’ என்று கேட்க வேண்டும். வன்னியில் இக்கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. இங்கு பல குளங்கள் தொடராக அமைந்தவை. மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தாலும், அதன் வயல்களின் கழிவு வாய்க்கால் ஓடினாலும், கீழ்க்குளம் அந்நீரையே வாங்கிக்கொள்கிறது. மேலே ஓர் ஆலை செய்யும் தவறு கீழேயுள்ள மீன்பிடிக்கும் சிறுபோகத்துக்கும் கிணறுகளுக்கும் போய்ச்சேரும்.

தேற்றலுக்கு எட்டாத மாசு ஒன்று உண்டு: கரைந்த உப்பு. அது திரளாது, படியாது, நுண்ணுயிர்க்கு உணவும் ஆகாது. திருப்பூரின் உப்பு மிகுந்த சாயக் கழிவுநீர் நொய்யலாற்றில் கலந்து, பாசனத்துக்கென 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணையைப் பயிருக்கு உதவாத நீர்த்தேக்கமாக்கிற்று. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலையை எட்டும்வரை அங்குள்ள சாய ஆலைகளை மூடச் சொல்லிற்று. அத்தகைய நீரை மெல்லிய சவ்வுகளின் ஊடாக அழுத்தியும் ஆவியாக்கியும் உப்பைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு ‘உப்பகற்றல்’ என்ற தனிச்சொல்லே தகும். வவுனியாப் பகுதியில் குடிநீருக்காக இயங்கும், ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிப்பு இயந்திரங்கள் செய்வதும் அதுவே. அவை ஒதுக்கும் உவர்நீரைக் கொட்டும் இடத்தைப் பற்றியும் நாம் இதே கண்டிப்புடன் கேட்க வேண்டும்.

‘கசடு’ என்ற சொல்லையும் மறக்கலாகாது. நீரிலிருந்து நீங்கியவற்றுள் பெரும்பகுதி தொட்டியின் அடியில் கசடாகச் சேர்கிறது. அரிசி ஆலையின் கசடு உரிய முறையில் மக்கினால் உரமாகும், சாய ஆலையின் கசடு காப்பான இடத்தில் அடைத்துவைக்கப்பட வேண்டிய இடர்ப்பொருள்.

ஆதலால் கிருமி நீக்கிக் குடிக்கத்தக்கதாக்கும் செயலுக்குச் சுத்திகரிப்பு என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். பரிகரிப்பு என்பது ஆவணங்களில் வேரூன்றிய, பொருள் பிறழாத சொல், அதைப் பிடுங்கவேண்டியதில்லை. தமிழ்ச்சொல் வேண்டும் இடத்தில் ‘கழிவுநீர்த் தேற்றல்’ என்றும், அது நிகழும் இடத்தைத் ‘தேற்று நிலையம்’ என்றும் எழுதலாம். தேறிய நீரைக் கழுவலுக்கும் கொதிகலனுக்கும் ஏற்றவாறு மேலும் பக்குவப்படுத்தி ஆலைக்குள்ளேயே திருப்பினால், அது ‘மீள்பயன்பாடு’. அவ்வாறு திரும்பும் ஒவ்வொரு லீற்றரும் ஆவணி வெயிலில் குழாய்க்கிணற்றிலிருந்து இறைக்காமல் விட்ட ஒரு லீற்றர்.