பக்கத்து வீட்டுக்காரர் சந்துப் பாதையைப் பூட்டினால் என்ன செய்யலாம்?

மதுரை, கும்பகோணம் மாதிரி ஊர்களின் பழைய தெருக்களில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஆள் நடக்க மட்டும் ஒரு சந்து இருக்கும். பின்கட்டில் குடியிருப்பவருக்குத் தெருவுக்கு வர அதுதான் வழி. முன்வீடு கைமாறியதும் புது உரிமையாளர் கேட் போட்டுப் பூட்டிவிடுவார். தகராறு அங்கே ஆரம்பிக்கும்.

முதலில் சந்து யாருடையது என்று பாருங்கள். தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் கிடைக்கும். அதில் தெரு என்றோ புறம்போக்கு என்றோ இருந்தால் வேலை சுலபம். மாநகராட்சி, நகராட்சி ஆணையருக்கோ வட்டாட்சியருக்கோ மனு கொடுங்கள். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்ற இடமுண்டு.

தனியார் பட்டாவில் இருந்தால் தாய்ப்பத்திரத்தை, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்தை, எடுங்கள். சொத்து விவரத்தின் கடைசியில் "மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட" என்று, அதாவது வழக்கமாக நடந்துவரும் வழியில் நடக்கும் உரிமையும் சேர்த்து என்று, ஒரு வரி இருக்கலாம். உங்கள் பத்திரத்தோடு நிற்காமல், எதிர்த்தரப்பின் பழைய பத்திரத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அவருடைய நான்கெல்லையிலேயே "தெற்கே பொதுச் சந்து" என்று இருந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

பத்திரத்தில் ஒன்றுமே இல்லையா? அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற வசதிகளுக்கு உள்ள உரிமையைச் சொல்லும் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 15ஆவது பிரிவுப்படி, 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தகராறில்லாமல், இடைவிடாமல், உரிமையாக நடந்து வந்திருந்தால் அந்த வழி உங்களுக்குப் பாத்தியப்படும். அரசு நிலமென்றால் 30 ஆண்டுகள். ஒரே சொத்தாக இருந்து பாகம் பிரிந்து, வெளியேற வேறு வழியே இல்லையென்றால் 13ஆவது பிரிவு. அதற்கு 20 ஆண்டுக் கணக்கு வேண்டாம். ஆனால் சுற்றிப் போக ஒரு வழி இருந்தாலும் இந்த வாதம் நிற்பது கடினம்.

பலரும் கோட்டை விடுவது "உரிமையாக" என்ற சொல்லில்தான். "அண்ணே, இந்தப் பக்கமா போய்க்கிறேன்" என்று அனுமதி கேட்டு நடந்திருந்தால் எத்தனை வருடமானாலும் அது வெறும் அனுமதிதான். பொதுவாக அதை நிலத்துக்காரர் திரும்பப் பெறலாம். ஆகவே, "தாராளமா நடங்க, ஒரு கடுதாசி மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க" என்று யாராவது அன்பாகக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேட் போட்ட பிறகு சும்மா இருப்பதும் ஆபத்து. தடுத்தது தெரிந்தும் ஓராண்டு பொறுத்துப் போனால் அனுபவம், அதாவது இடைவிடாமல் நடந்துவந்த தொடர்ச்சி, முறிந்ததாகிவிடும். 20 ஆண்டு அனுபவம் வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்ததாகவும் இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் பெரும்பாலும் "இது சிவில் விவகாரம்" என்றுதான் சொல்வார்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை (வழியைத் தடுக்கக் கூடாது என்ற உத்தரவு) கேட்டு மனுப் போடும்போதே, இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரையும் கேளுங்கள். சந்துப் பக்கம் திறக்கும் பழைய கதவு, தேய்ந்த வாசற்படி, கேட் தூணில் காயாத சிமென்ட் எல்லாம் அவர் அறிக்கையில் ஏறிவிடும்.

ஜெயித்தாலும் கிடைப்பது நடக்கும் உரிமைதான். அதை வைத்துச் சந்தில் பைக் நிறுத்தவோ கழிவுநீர்க் குழாய் பதிக்கவோ முடியாது.