பட்டு நூலில் மின்சாரத்தைச் சேமிப்பது எப்படி?

1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜோசப் ஹென்றி தன் மின்காந்தங்களுக்கான செம்புக் கம்பிகளில் பட்டைச் சுற்றினார். மின்சாரம் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குத் தாவாமல் அது தடுத்தது. அப்படிப்பட்ட மின்கடத்தாப் பொருளைக் கொண்டு இன்று உடையிலேயே மின்சாரத்தைச் சேமிக்கப் பார்க்கிறார்கள்.

பட்டுப்புழு கக்கும் இழையின் உள்ளே ஃபைப்ராயின் என்ற புரதத்தாலான இரண்டு மெல்லிய நூல்கள் இருக்கும். அவற்றை ஒட்டி வைத்திருப்பது செரிசின் என்ற பசை. எடையில் ஏறத்தாழ கால் பங்கு அதுதான். சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்தால் பசை கரைந்துவிடும். எஞ்சும் ஃபைப்ராயினின் சங்கிலிகள் பல இடங்களில் அடுக்கடுக்கான படிகங்களாக இறுகியிருக்கும். பட்டின் வலிமை அங்கிருந்து வருகிறது. மின்சாரத்தைச் சேமிக்க இதை முதலில் கடத்தியாக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பூச்சு. நூலை பிர்ரோல் கரைசலில் நனைத்து, ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் பாலிபிர்ரோல் என்ற மின்கடத்தும் பாலிமர் நூலின் மேலேயே கருநிறமாக வளரும். புரதத்தோடு ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டாவதால் அது நன்றாக ஒட்டிக்கொள்ளும். நூல் நூலாகவே இருக்கும், நெய்யலாம். ஆனால் மின்னேற்றும்போதும் இறக்கும்போதும் அயனிகள் (மின்னூட்டம் கொண்ட அணுக்கள் அல்லது மூலக்கூறுகள்) புகுந்து வெளியேற, பூச்சு உப்பிச் சுருங்கி நாளடைவில் விரிசல் விடும்.

இன்னொன்று, கரியாக்குதல். இதுதான் எனக்குச் சுவாரசியமானது. பாலியெஸ்டரைச் சூடாக்கினால் உருகி ஒழுகிவிடும், பட்டு உருகாது. ஆக்சிஜன் இல்லாத உலையில் ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸில் அதன் படிக அடுக்குகள் அறுகோணக் கார்பன் வளையங்களாக மாறத் தொடங்கும். வெப்பம் இன்னும் ஏறினால் அது மின்சாரத்தைக் கடத்தும். நெசவின் வடிவம் அப்படியே நிற்கும். புரதத்திலிருந்த நைட்ரஜனில் ஒரு பகுதியும் தங்கிவிடும். மின்சேமிப்புக்கு உதவும் அதை வெளியிலிருந்து சேர்க்க வேண்டியதில்லை.

இந்தக் கரி மீமின்தேக்கி (சூப்பர்கெபாசிட்டர்) என்ற மின்சேமிப்புக் கருவியின் மின்முனையாகிறது. மீமின்தேக்கியில் அயனிகள் மின்முனையின் பரப்பில் வந்து படிவதே சேமிப்பு. பரப்பு கூடினால் கொள்ளளவு கூடும். அதனால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கி, கரியை நுண்துளைகளால் அரிக்கிறார்கள். ஒரு கிராம் கரியின் பரப்பு 2,000 சதுர மீட்டரைத் தாண்டக்கூடும்!

சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் வேறொரு குறும்பும் நடந்தது. கார்பனின் மிக நுண்ணிய வடிவங்களான நானோகுழாயையோ கிராஃபீனையோ தெளித்த மல்பெரி இலைகளைப் புழுக்களுக்குத் தின்னக் கொடுத்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில், அவை தந்த பட்டு கூடுதல் வலிமையோடு இருந்தது. கரியாக்கிய பிறகு சாதாரணப் பட்டுக் கரியைவிட நன்றாகக் கடத்தியது.

குறைகளும் உண்டு. மீமின்தேக்கி சில விநாடிகளில் மின்னேறும், பல்லாயிரம் முறை தாங்கும். ஆனால் அதே எடையுள்ள லித்தியம் அயனி பேட்டரியோடு ஒப்பிட்டால் அது சேமிக்கும் ஆற்றல் மிகக் கொஞ்சம். ஒரு சிறு உணரியை (சென்சாரை) இயக்கலாம், கைபேசியை நாள் முழுதும் ஓட்ட முடியாது. கரியிழை தனியாக மடித்தால் ஒடியும்; துணியாக இருந்தால் பின்னல் வளைவைப் பகிர்ந்துகொள்ளும். என் கணிப்பில், பெரிய முட்டுக்கட்டை மின்முனை அல்ல, மின்முனைகளுக்கு இடையே அயனிகள் நகர இடம் தரும் மின்பகுளிதான். பெரும்பாலும் அமிலம் கலந்த கூழ் என்பதால் வியர்வையும் சலவை நீரும் கலக்காமல் உறையிட வேண்டும். உறையிட்டால் துணிக்குள் காற்று புகாது.