கிளியரன்ஸ் சரிதான், கேம் சரியா?

டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வு மூடியிருக்கும்போது விட்டிருக்கும் சிறு இடைவெளி) சரியாக இருந்தால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பும் மெக்கானிக்குகள் இன்னும் நிறைய. அந்த இடைவெளியில் ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை விடும்போது டேப்பெட், லோப்பின் (கேமில் உள்ள முட்டை வடிவப் புடைப்பின்) அடிவட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. தேய்வதோ பெரும்பாலும் லோப்பின் உச்சியான மூக்கு. அங்கே ஒரு மில்லிமீட்டர் போயிருந்தாலும் கேஜுக்குத் தெரியாது.

வண்டி மட்டும் சொல்லிவிடும். லோடோடு மேடு ஏறும்போது இழுவை குறையும், கரும்புகை தள்ளும். எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்திருந்தால் எரிந்த புகை முழுதாக வெளியேறாமல், இன்லெட் வால்வு திறக்கும்போது பின்பக்கமாக வந்து ஏர் கிளீனரில் 'புஸ் புஸ்' என்று கேட்கும். இதை டீசல் பம்ப் கோளாறு என்று நினைத்து பம்பையும் நாசிலையும் கழற்றி அனுப்பினால் செலவுதான் மிச்சம்.

என்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரைக் கழற்றி, டேப்பெட் மேலே தள்ளும் புஷ்ராடு ஏறி இறங்குவதை டயல் கேஜில் அளந்துகொண்டே கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று. இன்லெட்டை இன்லெட்டோடு, எக்ஸாஸ்ட்டை எக்ஸாஸ்ட்டோடு ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் கோளாறு அங்கேதான். எல்லாமே ஒரே மாதிரி தேய்ந்திருக்கவும் கூடும் என்பதால் மேனுவல் அளவையும் பாருங்கள்.

கேமை மட்டும் மாற்றி, பழைய டேப்பெட்டையே போடுவதுதான் நான் பார்க்கிற பெரிய தப்பு. தட்டை டேப்பெட்டின் அடி உண்மையில் தட்டை இல்லை, நடுவில் மிக லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பும் லோப்பின் சிறு சரிவும் சேர்ந்துதான் டேப்பெட்டைச் சுழல வைக்கின்றன. ஒரு டேப்பெட்டின் அடியில் இன்னொன்றின் பக்கவாட்டை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரங்களில் வெளிச்சம் தெரிந்தால் வடிவம் கெடவில்லை. நடுவில் தெரிந்தால் குழி விழுந்துவிட்டது. முகத்தில் வட்டத் தடம் இல்லாமல் குறுக்கே ஒரே பட்டையாகத் தேய்ந்திருந்தால் அது சுழலவே இல்லை. அப்படிப்பட்டது புதுக் கேமையும் சீக்கிரமே தின்றுவிடும். புதுக் கேம் என்றால் புது டேப்பெட், அவ்வளவுதான்.

வாங்கும்போது வண்டி மாடலைச் சொல்லாதீர்கள், என்ஜின் நம்பரைச் சொல்லுங்கள். ஒரே மாடலில் பிஎஸ்3, பிஎஸ்4 என்று புகை விதிக்குத் தகுந்தபடி கேம் வேறாக இருக்கலாம். பழைய கேமைக் கடைக்கே எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து நீளம், ஜர்னல் (பேரிங்கில் சுற்றும் பகுதி), கியர் சாவிக்காடி, ஃபீட் பம்பை இயக்கும் லோப் எல்லாம் ஒத்துப்பாருங்கள். ரோலர் டேப்பெட் கேம் தட்டை டேப்பெட்டுக்கு ஆகாது. லோப்பில் வெல்டிங் வைத்துக் கடைந்து தருவதாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடினப்படுத்திய மேல்தோல் ஒரே சீராகத் திரும்ப வருவது கஷ்டம்.

மாட்டும்போது லோப்பிலும் டேப்பெட் அடியிலும் அசெம்பிளி பேஸ்ட் தடவுங்கள், வெறும் ஆயில் போதாது. தட்டை டேப்பெட் என்ஜினாக இருந்தால், ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடக் கூடாது. கிராங்க் வாரியடிக்கும் ஆயில்தான் லோப்பை நனைக்கிறது, மெதுவாகச் சுற்றினால் அது போதுமான அளவு ஏறாது. ஆயில் பிரஷர் வந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு, சுமார் 20 நிமிடம் 1500 முதல் 2000 ஆர்பிஎம்மில் ஓட விடுங்கள். அப்புறம் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்துக் காகித மடிப்புகளில் இரும்புத்தூள் மினுக்குகிறதா என்று பாருங்கள்.