ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டர்: ஈட்டியும் மேட்டரும்

"ஃப்ரீலான்ஸர்தானே நீங்க? சும்மா நாலு வரி எழுதிக் குடுங்க, பிடிச்சிருந்தா அப்புறம் பேசிக்கலாம்." விளம்பர வாசகம் எழுதும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி என்னிடம் சொன்னது இது. கொடுத்தேன். அந்த ஆடியில் என் நாலு வரியும் பேருந்து நிலையத்துக்கு எதிரே பேனராகத் தொங்கின. அந்த 'அப்புறம்' மட்டும் இன்றுவரை வரவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. 'ஃப்ரீ' என்றதுமே நம் ஊரில் காதில் விழுவது 'இலவசம்'தான்.

ஃப்ரீலான்ஸில் உள்ள ஃப்ரீக்கும் இலவசத்துக்கும் சம்பந்தமில்லை. 'லான்ஸ்' என்பது குதிரைவீரன் ஏந்தும் நீண்ட ஈட்டி. லத்தீனில் 'லான்சியா'வாக இருந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல், கூலி பேசிப் போருக்குப் போகிறவன் 'ஃப்ரீ லான்ஸ்'. கேட்டால் இடைக்காலச் சொல் மாதிரி இருக்கும். ஆனால் இதை ஊரறியச் செய்தது, 1819 கடைசியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவல்தான். எழுத்தாளர்களையும் பத்திரிகையாளர்களையும் அப்படி அழைக்கும் வழக்கம் அதற்கும் பின்னால் வந்தது.

உண்மையிலேயே அந்தக் காலத்தில் அப்படிப் பிழைத்தவர்களுக்கு இத்தாலியில் 'கொண்டொத்தியேரே' என்று பெயர். 'கொண்டொத்தா' என்றால் ஒப்பந்தம். எத்தனை ஆள், எத்தனை மாதம், எவ்வளவு கூலி என்பதெல்லாம் முதலிலேயே எழுத்தில் இருக்கும். ஆங்கிலம் ஈட்டியை வைத்துப் பெயரிட்டது, இத்தாலி காகிதத்தை வைத்துப் பெயரிட்டது. என் ஓட்டு இத்தாலிக்கே. இங்கிலாந்திலிருந்து போய், கடைசியில் ஃப்ளாரன்ஸ் நகரத்துக்காகப் போரிட்டு 1394இல் இறந்த ஜான் ஹாக்வுட், அந்த நகரத்துப் பேராலயச் சுவரில் ஓவியமாக இன்றும் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். கூலிக்குப் போனவருக்குக் கோயில் சுவரில் இடம்! தமிழில் இதற்கு நேர்ச்சொல் 'கூலிப்படை'. அதை விசிட்டிங் கார்டில் போட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார், போலீஸ்தான் வரும்.

இனி 'காப்பி'. இதன் வேர் லத்தீன் 'கோப்பியா'. அதற்கு மிகுதி, வளம் என்று அர்த்தம். பார்த்து எழுதினால் ஒன்று பலவாகும் என்பதால் அது 'படியெடுத்தது' என்றானது. அச்சுத்தொழில் வந்தபின், எழுத்துக் கோப்பவரிடம் கொடுக்கும் மூலத்தாளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. விளம்பரத்துக்கு எழுதித் தரும் வாசகம் 'காப்பி' ஆனது அந்த வழியில்தான். சில மொழிபெயர்ப்புகளில் தலைகாட்டும் 'நகல் எழுத்தாளர்' இது தெரியாமல் வந்த தவறு. இங்கே காப்பி என்பது நகலே அல்ல, அசல்!

நம் அச்சகங்களில் இதற்கு எப்போதோ ஒரு சொல் கிடைத்துவிட்டது: மேட்டர். "மேட்டர் ரெடியா? ஒன்பது மணிக்குள்ள குடுத்தாதான் இன்னிக்கு மிஷின்ல ஏறும்." ஆங்கிலக் கடன்தான், ஆனாலும் பொருள் பிசகாத கடன்.

விளம்பரக் காப்பி எழுதுவதையே முழுநேரப் பிழைப்பாக்கிக்கொண்ட முதல் ஆள் என்று விளம்பர வரலாற்றில் சொல்லப்படுபவர் அமெரிக்காவின் ஜான் இ. பவர்ஸ். 1880இல் பிலடெல்ஃபியாவின் வானமேக்கர் கடைக்கு எழுதப் போனார். 1886இல் அங்கிருந்து வெளியேறித் தனியாகத் தொழில் செய்தார். ஆக, முதல் காப்பிரைட்டரே பின்னாளில் ஃப்ரீலான்ஸர்தான்.

சரி, தமிழில் என்னவென்று சொல்வது? இலங்கையில் 'சுயாதீன ஊடகவியலாளர்' என்கிறார்கள், இங்கே 'சுதந்திரப் பத்திரிகையாளர்'. பத்திரிகைக்கு இரண்டும் பொருந்தும். விளம்பரத்துக்கு எழுதுகிறவன் 'சுதந்திரம்' என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. 'பகுதிநேர' என்பது தப்பு, பலருக்கு இது முழுநேரத் தொழில். 'தன்னுரிமை' பரவாயில்லை. காப்பிரைட்டருக்கு 'விளம்பர எழுத்தாளர்' வழக்கில் இருக்கிறது, ஆனால் நாங்கள் எழுதுவது விளம்பரம் மட்டுமா? மசாலா பாக்கெட்டின் பின்பக்கம், செயலியின் பொத்தான், வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எல்லாம் எங்கள் கைவேலை. அதனால் என் தேர்வு 'வணிக எழுத்தாளர்'. முழுதாக வேண்டுமென்றால் 'தன்னுரிமை வணிக எழுத்தாளர்'.

புறநானூற்று 208ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார், தன்னை நேரில் பார்க்காமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசைத் தொடமாட்டேன் என்கிறார். நான் 'வாணிகப் பரிசிலன்', அதாவது பரிசை மட்டுமே குறிவைக்கும் வியாபாரி, அல்லேன் என்று அதற்குக் காரணமும் சொல்கிறார். அவர் உதறிய அந்தப் பட்டத்தை நான் மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன். முகம் பார்க்காவிட்டாலும் பணத்தை வங்கிக் கணக்கில் போட்டால் போதும், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

குறுஞ்செய்தி என்றேனே, தொழிலின் நுணுக்கம் அங்கேதான் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம், தமிழில் 70. அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். 'பொங்கல்' நமக்கு நாலெழுத்து, கணினிக்கு ஏழு. 71 ஆனால் இரண்டு செய்திக்கான காசு. ஒரு லட்சம் பேருக்கு அனுப்பும் கடைக்கு ஒரு 'க்' என்ன விலை என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரே தமிழில் யோசித்து எழுதுகிறவருக்கு மொழிபெயர்ப்பவரைவிடக் கூடுதலாகக் கூலி கேட்க இதுவே நல்ல நியாயம்.

கடைசியாக ஒரு குழப்பம். காப்பிரைட்டர் வேறு, காப்பிரைட் வேறு. முன்னது எழுதுகிறவர், பின்னது பதிப்புரிமை. ஒலியில் பக்கத்துப் பக்கம், பணத்திலும் அப்படித்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதுவது, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். தன்னுரிமையாளர் எழுதுவதற்கு முதல் உரிமையாளர் அவரே. அதைக் கைமாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். நாலைந்து சொல் ஸ்லோகனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் ஸ்லோகனுக்குப் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்காமல் நான் பேனாவைத் திறப்பதில்லை. எத்தனை திருத்தம் என்பதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுவேன். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் 'உத்யம்' தளத்தில் இலவசமாகப் பதிந்து வைப்பதும் நல்லது. பதிந்திருந்தால், 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி 45 நாளுக்குமேல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளர், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டியிருக்கும். ஃப்ரீயாகக் கிடைப்பதில் எனக்குப் பிடித்தது இந்தப் பதிவு ஒன்றுதான்.

போன மாதம் புதுக் கார்டு அடிக்க அச்சகத்துக்குப் போனேன். பெயர், கீழே 'வணிக எழுத்தாளர்', அதற்கும் கீழே கைபேசி எண். கம்போஸ் செய்த தம்பி திரையைப் பார்த்தபடி, "மேட்டர் இவ்வளவுதானாண்ணே?" என்றான்.