காரோடு பேசும் பெட்டி

மின்சாரக் கார் வாங்கப்போகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருக்கிறது. அதிலேயே செருகிச் சார்ஜ் போட்டால் ஆகாதா? கார் சார்ஜ் போடச் சுவரில் மாட்டும் பெட்டிக்குள் பெரிய ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை என்கிறார்களே, அதற்கா இவ்வளவு செலவு?"

அவருக்குச் சொன்னவர்கள் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெட்டி பேட்டரியைச் சார்ஜ் செய்வதில்லை. வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம், பேட்டரிக்கு வேண்டியது நேர்திசை மின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. அதன் திறன் காருக்குக் கார் மாறும், 3.3, 7.2, 11 கிலோவாட் என்று பல அளவுகள் உண்டு. 3.3 கிலோவாட் சார்ஜர் உள்ள காருக்கு 7.4 கிலோவாட் பெட்டி வாங்கி மாட்டினாலும் வேகம் கூடாது.

அப்படியானால் பிளக் பாயிண்ட் போதாதா? அவசரத்துக்குப் போதும். தினமும் இரவு முழுக்க என்றால் யோசிக்க வேண்டும். வெந்நீர் ஹீட்டர் சில நிமிடங்கள் ஓடி நின்றுவிடும். கார் மணிக்கணக்கில் ஒரே சீராக இழுக்கும். சாக்கெட்டில் பித்தளைத் தகடும் பிளக்கின் பின்னும் தொடும் இடத்தில் சிறு மின்தடை இருந்தே தீரும். நாளாக ஆகத் தகடு தளர்ந்து அது 0.1 ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 16 ஆம்பியர் ஓடினால், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்க, 25.6 வாட் வெப்பம். விரல் நுனி அளவு இடத்தில் அத்தனை வெப்பம், அதுவும் பல மணி நேரம்! சூட்டில் தகடு இன்னும் தளரும், தடை கூடும், சூடு மேலும் ஏறும். பிளாஸ்டிக் பழுப்பேறிய சாக்கெட்டுகள் பல இப்படித்தான் கெட்டவை.

சரி, பெட்டிக்கு வருவோம். அதற்குள் ரிலே இருப்பது உண்மைதான். ஆனால் அந்த ரிலே எப்போது மூடி மின்சாரத்தை விட வேண்டும் என்று முடிவெடுக்கும் முறை இருக்கிறதே, மின்னியலில் இவ்வளவு சிக்கனமான அழகை நான் அதிகம் பார்த்ததில்லை.

சார்ஜ் பிளக்கில் மின்சாரம் போகும் தடித்த பின்களுக்கும் எர்த் பின்னுக்கும் பக்கத்தில் மெல்லிய பின்கள் இருக்கும். அவற்றில் ஒன்றின் பெயர் பைலட். பெட்டிக்கும் காருக்கும் நடக்கும் பேச்சு முழுவதும் இந்த ஒரே ஒயர் வழியாக நடந்து எர்த் ஒயர் வழியாகத் திரும்புகிறது. பிளக் எங்கும் செருகப்படாதபோது பைலட் ஒயரில் 12 வோல்ட் மட்டும் சும்மா நிற்கும். தடித்த பின்களில் மின்சாரமே கிடையாது. கையில் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாலும் ஷாக் அடிக்க அங்கே எதுவும் இல்லை.

அந்த 12 வோல்ட் பெட்டிக்குள் 1000 ஓம் மின்தடை ஒன்றைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. காருக்குள் பைலட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு டையோடும் (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) 2740 ஓம் மின்தடையும் இருக்கின்றன. பிளக்கைச் செருகியதும் மின்னழுத்தம் பங்கிடப்பட்டு 12-லிருந்து 9 வோல்ட்டுக்கு இறங்குகிறது. இதுதான் கார் சொல்லும் முதல் சொல்: வந்துவிட்டேன். அதென்ன 2740, முழு எண்ணாக வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும். பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். டையோடு தன் பங்குக்கு 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 11.3 வோல்ட்டை 1000-க்கும் 2740-க்கும் பிரித்து, அந்த 0.7-ஐத் திரும்பக் கூட்டினால் 8.98 வருகிறது.

9 வோல்ட்டைப் பார்த்ததும் பெட்டி பதில் சொல்லத் தொடங்கும். அசையாமல் நின்ற மின்னழுத்தம் இப்போது விநாடிக்கு 1000 முறை மேலும் கீழுமாகத் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத நேரம் மேலே நிற்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.6 ஆம்பியர். 10 சதவீதம் என்றால் "6 ஆம்பியருக்கு மேல் எடுக்காதே", 26.7 சதவீதம் என்றால் 16 ஆம்பியர், 53.3 சதவீதம் என்றால் 32. (85 சதவீதத்துக்கு மேல் கணக்கு வேறு, வீட்டுக்கு அது தேவைப்படாது.) சொல்லப்படுவது ஒரு வரம்பு, கட்டளை இல்லை. கார் அதற்குக் குறைவாக எடுத்துக்கொள்ளலாம், கூடுதலாக எடுக்கக் கூடாது.

கார் மேலே நிற்கும் அந்த நேரத்தை, அதாவது துடிப்பின் அகலத்தை அளந்து, பூட்டுகளைச் சரிபார்த்து, தயாரானதும் தனக்குள் ஒரு சிறு சுவிட்சை மூடும். 1300 ஓம் மின்தடை ஒன்று பழைய 2740-க்குப் பக்க இணைப்பாகச் சேர்கிறது. இரண்டும் சேர்ந்து 882 ஓம். மறுபடி அதே கணக்குப் போட்டால் மின்னழுத்தம் 6 வோல்ட். கொடு என்று அர்த்தம். அப்போதுதான் பெட்டிக்குள் "டக்" என்று சத்தம் கேட்கிறது. ரிலே மூடியது, மின்சாரம் பாய்கிறது.

டையோடு எதற்கு? துடிப்பின் கீழ்ப்பாதி மைனஸ் 12 வோல்ட் வரை போகும். டையோடு ஒரு திசையில்தான் மின்னோட்டத்தை விடும் என்பதால், உண்மையான கார் மேல்பாதியை மட்டும் இழுத்து இறக்கும். கீழ்ப்பாதி மைனஸ் 12-லேயே நிற்கும். மறுமுனையில் ஈரமோ சேறோ விரலோ இருந்தால் அவையும் மின்தடைகள்தான், ஆனால் அவற்றுக்குத் திசை தெரியாது. இரு பாதியும் சேர்ந்து சுருங்கும். எதிரில் இருப்பது கார் இல்லை என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். இத்தனை சிறிய ஒரு பாகத்தைக் கொண்டு காரையும் கார் அல்லாததையும் பிரித்தறிய யோசித்த பொறியாளர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

பின்களின் நீளத்திலும் இதே அக்கறை. எர்த் பின் முதலில் தொடும், பைலட் கடைசியில் தொடும். உருவும்போது தலைகீழ்: பைலட் முதலில் விலகும். சார்ஜ் ஏறும்போது யாராவது பிளக்கை இழுத்துவிட்டால், தடித்த பின்கள் பிரிவதற்குள் பைலட் 12 வோல்ட்டுக்குத் திரும்பிவிடும், பத்தில் ஒரு விநாடிக்குள் பெட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும். தீப்பொறிக்கு வாய்ப்பில்லை. கேபிளுக்குள் எர்த் ஒயர் அறுந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் பைலட் திரும்பும் வழியே அதுதான்.

ஜே1772 என்ற அமெரிக்கத் தரநிலை, ஐஇசி 61851 என்ற சர்வதேசத் தரநிலை இரண்டும் பேசுவது இந்த மொழியைத்தான். நாட்டுக்கு நாடு பிளக்கின் வடிவம் மாறலாம். மின்தடைகளும் துடிப்புகளும் மாறுவதில்லை. இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லியாக வேண்டும். கோடிக்கணக்கானவர்களின் உயிரைக் காக்கும் ஐஇசி ஆவணத்தை முழுதாகப் படிக்க விலை கொடுக்க வேண்டும். ஒரு மாணவரோ தெருமுனை எலக்ட்ரீஷியனோ அதை எப்படி வாங்குவார்? பொதுமக்களின் பாதுகாப்பு பற்றிய தரநிலைகளை உருவாக்கும் செலவை அரசுகள் ஏற்றுக்கொண்டு, எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்றை மறக்கக் கூடாது. பைலட் சரிபார்ப்பது பெட்டியிலிருந்து கார் வரையுள்ள எர்த்தை. பெட்டியிலிருந்து மண்ணுக்குள் போகும் வீட்டு எர்த் நன்றாக இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சில பெட்டிகள் அதைத் தனியாக அளக்கும். எதுவானாலும் மாட்டும் நாளில் எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆர்சிசிபி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாமல் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் துண்டிக்கும் கருவி. அதற்குள் இருக்கும் காந்த வளையம் மாறும் மின்னோட்டத்தைத்தான் உணரும். காரின் சார்ஜரில் பழுது வந்து நேர்திசை மின்னோட்டம் கசிந்தால், வளையம் ஒரு பக்கமாகக் காந்தமேறித் தேங்கிவிடும். பிறகு உண்மையான கசிவு வந்தாலும் அதற்குத் தெரியாது. அதனால் 6 மில்லி ஆம்பியர் நேர்திசைக் கசிவையும் கண்டுபிடிக்கும் பெட்டியாக வாங்குங்கள். பெட்டியில் அது இல்லையென்றால் நேர்திசைக் கசிவையும் உணரும் டைப் பி ஆர்சிசிபி வேண்டும்.

ஒயரிங்கில் பெரிய மர்மம் இல்லை. மின் பலகையிலிருந்து காருக்கு மட்டுமான தனி லைன், தனி எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்). 32 ஆம்பியருக்கு வழக்கமாக 6 சதுர மில்லிமீட்டர் தாமிரம். தூரம் அதிகமானால் 10. ஏற்கெனவே உள்ள ஒயர் மெல்லியது, மாற்ற முடியாது என்றால் பெட்டியின் வரம்பை 16-க்குக் குறைத்து வையுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் இதற்கென்றே ஒரு சிறு சுவிட்சோ செயலி அமைப்போ உண்டு. அதைத் திருப்பும்போது நடப்பது வேறொன்றும் இல்லை, துடிப்பின் அகலம் 53.3 சதவீதத்திலிருந்து 26.7-க்கு மாறுகிறது, கார் அடங்கி நடக்கிறது. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் சுமார் 3.7 கிலோவாட். ஒரு நடுத்தரக் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 கிலோவாட் மணி செலவழிக்கும். நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடும்.

துடிப்பின் அகலத்தை நடுவழியிலும் மாற்றலாம். வீட்டின் பிரதான ஒயரில் கவ்வியாக மாட்டும் மின்னோட்ட உணரி ஒன்றைப் பெட்டியோடு இணைத்தால், ஏசியும் ஹீட்டரும் ஒன்றாக ஓடும்போது பெட்டி தானாக அகலத்தைக் குறைக்கும், கார் சில விநாடிகளில் குறைத்து இழுக்கும். கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் உபரியை மட்டும் காருக்கு அனுப்புவதும் இதே உபாயத்தால்தான். ஆனால் இந்த மொழியில் 6 ஆம்பியருக்குக் கீழே சொல்லச் சொல் இல்லை. சிங்கிள் பேஸில் அது 1.38 கிலோவாட், மூன்று பேஸில் 4.14. மேகம் மூடி உபரி அதற்குக் கீழே போனால் சார்ஜ் நின்றுவிடும். சிறிய சூரிய அமைப்பு உள்ளவர்கள், கார் மூன்று பேஸை ஏற்றாலும், இந்த வேலைக்குச் சிங்கிள் பேஸுக்கு மாறிக்கொள்ளும் பெட்டியைத் தேடி வாங்குவது நல்லது.