ஐந்து பார், ஒரே உயரம்

99, 99, 98, 98, 98. ஒரே வினையூக்கியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, ஒவ்வொரு முறையும் வினை எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் ஐந்து பார், ஐந்தும் ஏறத்தாழ ஒரே உயரம். கீழே வழக்கமான வரி: "ஐந்து சுழற்சிக்குப் பிறகும் வினையூக்கி செயல்திறனை இழக்கவில்லை." கேட்டலிசிஸ் (வினையூக்கவியல்) இதழ்களுக்கு ரிவ்யூ பார்க்கிற யாருக்கும் இந்தப் படம் மனப்பாடம். தலைப்பில் இருக்கும் சொல் மட்டும் காலத்துக்குத் தக்கபடி மாறும். 2011-ல் பிளாட்டினத்தைத் தனித்தனி அணுக்களாக இரும்பு ஆக்சைடு மேல் நிறுத்திக் காட்டிய கட்டுரை வந்தது. அதன் பிறகு எங்கு பார்த்தாலும் 'ஒற்றை அணு'. உலோகமும் கரிம மூலக்கூறும் பின்னிய எம்ஓஎஃப்பைச் சுட்டு எடுத்த கார்பன் வந்தது, பல உலோகங்களை ஏறத்தாழச் சம அளவில் கலந்த ஹை என்ட்ரோபி உலோகக் கலவை வந்தது, இப்போது மெஷின் லேர்னிங். கிராஃபீனில் (ஓரணு தடிமனான கார்பன் தாள்) எதைக் கலந்தாலும் கட்டுரையாகிறதே என்று நொந்துபோய், 2020-ல் ஒரு குழு பறவை எச்சத்தைக் கலந்து சோதித்து, அதுவும் கலக்காத கிராஃபீனைவிட நன்றாக வேலை செய்கிறது என்று ஏசிஎஸ் நானோவில் வெளியிட்டது. கிண்டல்தான், ஆனால் தரவு உண்மை.

மோஸ்தர் மாறட்டும், தப்பில்லை. ஐந்து பார் மட்டும் மாற மாட்டேன் என்கிறதே, அதுதான் எரிச்சல்.

எத்தனையோ முறை எழுதியாயிற்று, இன்னொரு முறையும் எழுதலாம்: முழுதாக முடிந்துபோன வினையை வைத்து வினையூக்கியின் நிலைத்தன்மையை அளக்க முடியாது. இருபது பேர் போதும் என்கிற வயலில் அறுபது பேரை நடவுக்கு இறக்கிவிட்டுச் சாயங்காலம் போய்ப் பார்த்தால், நட்டு முடிந்துதான் இருக்கும். நாற்பது பேர் நாள் முழுக்க வரப்பில் உட்கார்ந்திருந்தார்களா என்பது அந்த வயலைப் பார்த்துத் தெரியாது.

கணக்காகவே பார்ப்போம். முதல் வகை வினை (மீதமுள்ள வினைபொருளுக்கு ஏற்ப வேகம் குறைவது), 6 மணி நேரத்தில் 99.9% கன்வெர்ஷன், அதாவது வினைபொருளில் அவ்வளவு மாறிவிட்டது. அடுத்த ஓட்டத்துக்குள் வினையூக்கியில் பாதி செத்துப்போகிறது என்று வையுங்கள். அதே 6 மணி நேரத்தில் கிடைப்பது 96.8%. முக்கால்வாசி செத்துப்போனாலும் 82%. பாதி செத்ததை "செயல்திறன் இழப்பு இல்லை" என்றும், முக்கால் செத்ததை "கழுவும்போது நேர்ந்த சிறு இழப்பு" என்றும் எழுதிவிடுகிறார்கள். அதே வினையை 30% கன்வெர்ஷனில் நிறுத்தியிருந்தால், பாதி செத்த வினையூக்கி 16% காட்டிக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்திருக்கும்.

ஆகவே முதல் ஓட்டம் 20 முதல் 40 சதவீதத்துக்குள் நிற்கும்படி நேரத்தைக் குறையுங்கள், இல்லை வினையூக்கியின் அளவைக் குறையுங்கள். 5, 10, 15, 20 நிமிடங்களில் சாம்பிள் எடுத்து ஒவ்வொரு சுழற்சிக்கும் தொடக்க வேகத்தைக் கொடுங்கள். மீட்ட வினையூக்கியை ஒவ்வொரு முறையும் உலர்த்தி எடை போடுங்கள். 50 மில்லிகிராமில் ஆரம்பித்து, சென்ட்ரிஃபியூஜ் செய்து கழுவும்போது தடவைக்கு 3 மில்லிகிராம் போனாலே ஐந்தாம் ஓட்டத்தில் இருப்பது 38. வினைபொருளை அதற்கேற்பக் குறைத்தீர்களா? புதிதாகக் கொஞ்சம் சேர்த்தீர்களா? எதுவும் செய்யாமலே பார் ஒரே உயரமாக நிற்கிறது என்றால், முதல் ஓட்டத்திலேயே வினையூக்கி தேவைக்கு மேல் இருந்தது என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

அடுத்த கேள்வி: வேலை செய்தது திண்மமா, அதிலிருந்து கரைந்து போன உலோகமா? பலேடியம் விஷயத்தில் இதைக் கேட்காத ரிவ்யூவர் ரிவ்யூவரே இல்லை. சூடாக வடிகட்டும் சோதனையைப் பலரும் செய்கிறார்கள், ஆனால் ஆறவைத்துவிட்டு வடிகட்டுகிறார்கள். ஆறும்போது கரைந்த பலேடியம் திரும்பத் தாங்கி (உலோகத்தைப் பிடித்திருக்கும் திண்மம்) மேல் போய் உட்கார்ந்துவிடும். வடிநீர் சுத்தமாகத்தான் தெரியும். வினை நடக்கும் அதே வெப்பநிலையில், 30, 40 சதவீதம் முடிந்த நிலையில் வடிகட்டி, வடிநீரை அதே சூட்டில் மேற்கொண்டு ஓடவிடுங்கள். கன்வெர்ஷன் ஏறினால் விடை தெரிந்துவிட்டது. ஏறாவிட்டாலும் வடிநீரை, துளி உலோகத்தையும் அளந்து சொல்லும் ஐசிபி-எம்எஸ்ஸுக்கு அனுப்புங்கள்.

"எங்கள் வினையில் உலோகமே கிடையாது" என்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உலோகம் இல்லாமல் சுசுகி இணைப்பு (வழக்கமாகப் பலேடியத்தை வைத்து இரண்டு கார்பன் அணுக்களை இணைக்கும் வினை) நடக்கிறது என்று 2003-ல் அறிவித்த குழு 2005-ல் தானே திருத்திக்கொண்டது: கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் 50 பிபிபி (நூறு கோடியில் 50 பங்கு) அளவில் ஒட்டியிருந்த பலேடியம் போதுமானதாக இருந்தது. அதற்குப் பின்னும் 2021-ல் அமீன் ஒன்றே அதே இணைப்பைச் செய்கிறது என்று நேச்சர் கேட்டலிசிஸில் கட்டுரை வந்து, அதே ஆண்டுக்குள் திரும்பப் பெறப்பட்டது. அந்த அமீனைத் தயாரித்த வழியிலேயே பலேடியம் பயன்பட்டிருந்தது. பலேடியத்தின் பாஸ்பீன் சேர்மம் சுத்திகரிப்பையும் தாண்டிக் கூடவே வந்துவிட்டது. இன்னொன்று, காந்தக் கலக்கி. பழைய டெஃப்லான் கலக்கியின் கீறல்களில் முந்தைய ஆளின் உலோகம் ஒளிந்திருக்கும். பிளாங்க் ஓட்டத்துக்கு (வினையூக்கி போடாமல் பார்ப்பது) புதுக் கலக்கி, புதுக் குடுவை. செலவைப் பார்க்காதீர்கள்.

ஒளி வினையூக்கியால் சாயத்தை அழிக்கும் கட்டுரைகளுக்கு வருவோம். 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) மெத்திலீன் ப்ளூ, 100 மில்லி காய்ச்சி வடித்த நீர், 50 மில்லிகிராம் டைட்டானியம் டை ஆக்சைடு. முன்னுரையில் தவறாமல் திருப்பூர்ச் சாயக் கழிவு. குடுவையில் இருக்கும் சாயம் மொத்தமே 1 மில்லிகிராம், ஏறத்தாழ 3 மைக்ரோமோல். வினையூக்கியோ 600 மைக்ரோமோலுக்கு மேல். ஒரு சாய மூலக்கூறுக்கு 200 டைட்டானியம் அணு காவலுக்கு நிற்கிறது! இதில் 'ஊக்கம்' எங்கே வந்தது?

அது போக, திருப்பூரில் பருத்திக்குப் போடுவது இழையோடு வேதிப் பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயம். மெத்திலீன் ப்ளூவுக்கு அங்கே வேலையே இல்லை. அடர் நிறத்துக்குச் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 60, 80 கிராம் என்று உப்பு போடுவார்கள். குளோரைடும் கார்பனேட்டும், சாயத்தை உடைக்க வேண்டிய ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தின்றுவிடும் என்பதைப் பேப்பரில் யாரும் சொல்வதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பின்னால் இருந்த பெரிய தலைவலி அந்த உப்புதான். நிறத்தைப் போக்கிவிட்டால் தீர்ந்தது என்று முன்னுரை எழுதாதீர்கள்.

நிறம் போனால் சாயம் அழிந்தது என்பதும் தப்பு. மெத்திலீன் ப்ளூ எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நிறமற்ற லூக்கோ வடிவத்துக்கும் போகும். காற்றை ஊதினால் நீலம் திரும்ப வரும். ஒளி உறிஞ்சல் வரைபடத்தில் 664 நானோமீட்டர் உச்சி இடப்பக்கம் நகர்ந்தால் மெத்தில் குழுக்கள் கழன்றிருக்கின்றன, மூலக்கூறு உடையவில்லை. டிஓசி (நீரில் உள்ள மொத்தக் கரிமக் கார்பன்) அளவு இல்லாமல் "சிதைவு" என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம். சாயமே கண்ணுறு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், வினையூக்கி கண்ணுறு ஒளியில் வேலை செய்கிறது என்று காட்ட அது உதவவே உதவாது. ஃபீனால் மாதிரி நிறமில்லாத ஒன்றை எடுங்கள். விளக்கைப் போடுமுன் 'இருட்டில் 30 நிமிடம்' கலக்குவது என்பது எழுதி வைத்த சட்டமில்லை. கார்பன் கலந்த பொருள் மணிக்கணக்கில் சாயத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நீரில் சாயத்தின் அளவு மாறாமல் நிற்கும்வரை காத்திருங்கள்.

மின்வேதியியல்காரர்களுக்குச் சுருக்கமாக: ஹைட்ரஜன் வெளியேற்றத்தைச் சோதிக்கும்போது எதிர்முனையில் பிளாட்டினக் கம்பி வைக்காதீர்கள். அது கரைந்து உங்கள் மின்முனையில் படியும், 1000 சுழற்சிக்குப் பின் "செயல்திறன் கூடியது" என்று எழுத வேண்டிவரும். கிராஃபைட் தண்டு போதும். நிக்கலை வைத்து ஆக்சிஜன் வெளியேற்றம் பார்த்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இருக்கும் இரும்பை முதலில் நீக்குங்கள். நைட்ரஜனிலிருந்து அம்மோனியா என்றால் ஆர்கான் பிளாங்க் (நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானை விட்டுப் பார்ப்பது), நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) இரண்டும் வேண்டும். அந்த நைட்ரஜன்-15 சிலிண்டரிலேயே அம்மோனியா இருக்கக்கூடும், வாயுவைக் கழுவிவிட்டுத்தான் செலுத்த வேண்டும்.

கைடுகளுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் கொண்டுவந்து காட்டும் பார் படத்தைப் பார்த்து "நன்றாக வந்திருக்கிறது" என்று சொல்லுமுன், நேரம்–கன்வெர்ஷன் வரைபடத்தைக் கேளுங்கள். கலக்கும் வேகத்தை நிமிடத்துக்கு 400, 600, 800, 1000 சுற்று என்று மாற்றிப் பார்த்தாரா, பொடியின் அளவை மாற்றிப் பார்த்தாரா என்று கேளுங்கள். இன்னொரு மாதம் பிடிக்கும், தெரியும். இதே சோதனைகளை ரிவ்யூவர் கேட்கும்போது அந்த மாணவர் பட்டம் வாங்கிப் போயிருப்பார், வினையூக்கி இருந்த குப்பியில் லேபிள் அழிந்திருக்கும்.