ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல

மன்னார்குடியிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் எழுதியிருக்கிறார். தானே பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். ரைசன் 7000 வரிசை பிராசசர், அதற்குரிய ஏஎம்5 சாக்கெட் வைத்த மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு. ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வீடியோ எடிட்டிங்குக்கு ரேம் போதவில்லை என்று அதே கம்பெனியில் அதே மாடல் இன்னும் இரண்டு வாங்கிச் செருகியிருக்கிறார். அன்றிலிருந்து பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுத்துகிறது, விளக்குகள் எரிகின்றன, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. போர்டின் ஓரத்தில் ‘டிரேம்’ என்று எழுதிய பொடி விளக்கு மஞ்சளாக எரிந்தபடியே இருக்கிறது. ஒரு நிமிடம் பார்ப்பாராம், அணைப்பாராம், மறுபடி போடுவாராம். சர்வீஸ் கடையில் “போர்டு போயிடுச்சு தம்பி” என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அப்பாயி, திங்கட்கிழமை எட்டு மணிக்கு, நல்ல ராகு காலத்தில் புதுச் சாமானைப் பூட்டினால் வேறென்ன ஆகும் என்கிறாராம்.

போர்டு போயிருக்க வாய்ப்பு குறைவு. உள்ளே ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது, தம்பி அதை முடிக்க விடுவதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கம்ப்யூட்டருக்குள் நடக்கும் காரியங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த வேலைதான்.

தெரிந்த கதையை முதலில் வேகமாக ஓட்டிவிடுவோம். பிளக்கைச் செருகியதுமே எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டியின் ஊதா ஒயரில் 5 வோல்ட் வந்துவிடும். பட்டனை அழுத்தினால் போர்டு பச்சை ஒயரை கிரவுண்டோடு சேர்க்கும். உடனே 12, 5, 3.3 வோல்ட் மூன்றும் எழும். அவை நிலைப்பட்டதும் சாம்பல் நிற ஒயரில் ‘பவர் ஓகே’ என்று சிக்னல் போகும். அதற்கு அரை நொடிக்குள்தான் ஆகும். அந்த சிக்னல் வந்த பிறகே பிராசசரைப் போர்டு எழுப்பும். ஃபேனுக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும். ஆகவே ஃபேன் சுத்துவதை வைத்து எஸ்எம்பிஎஸ் அடியோடு செத்துவிடவில்லை என்று சொல்லலாமே தவிர, வேறு ஒன்றும் சொல்ல முடியாது. பிராசசருக்குத் தனியாகப் போகும் 8 பின் ஒயரைச் செருக மறந்தாலும் ஃபேன் சுத்தும், டிஸ்ப்ளே வராது. கிராஃபிக்ஸ் கார்டு இருக்க, மானிட்டர் ஒயரை மதர்போர்டில் குத்தியிருந்தாலும் பல நேரம் இதே கதைதான். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: “கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது சார்.” டிஸ்ப்ளே வராததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் விடக்கூடாத விஷயம். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் இருக்கும். ஒன்று ஃபேஸுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே, மற்றது நியூட்ரலுக்கும் கேபினெட்டுக்கும் நடுவே. எர்த் இல்லாத வீட்டில் கேபினெட் இந்த இரண்டுக்கும் இடையில் தொங்கி, 115 வோல்ட் அளவில் நின்றுவிடும். பாயும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. பழைய ஓட்டு வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. டெல்டா மண்ணில் எப்போதும் ஈரம் உண்டு. உப்பும் கரியும் போட்டு ஒரு நல்ல எர்த் குழி எடுப்பது இங்கே சுலபம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, ரேமுக்கு வருவோம்.

டிடிஆர்5-6000 என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, ஒவ்வொரு டேட்டா கம்பியிலும் நொடிக்கு 600 கோடி பிட்டுகள் போகும் என்று அர்த்தம். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 167 பிக்கோ நொடி. அந்த நேரத்தில் வெற்றிடத்தில் ஒளியே 5 சென்டிமீட்டர்தான் போகும். போர்டில் பதித்த செம்புக் கோட்டில் சிக்னலின் வேகம் ஏறக்குறைய அதில் பாதி. அதாவது ஒரு பிட்டின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர். பிராசசரிலிருந்து ரேம் ஸ்லாட்டுக்குப் போகும் கோடு அதைவிட நீளம். முதல் பிட் ரேமைத் தொடுவதற்குள் இரண்டாவதும் மூன்றாவதும் கிளம்பி அதன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் சுவிட்சைப் போட்டதும் பல்பு எரியும் என்று படித்தோம். இங்கே அது செல்லாது. கோட்டின் இந்த முனையும் அந்த முனையும் வேறு வேறு பிட்டில் இருக்கின்றன.

ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஆறேழு பிக்கோ நொடி தாமதம். அதனால்தான் போர்டை வடிவமைப்பவர்கள் குட்டையாக வரும் கோடுகளை வேண்டுமென்றே வளைத்து நெளித்து, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிராசசருக்கும் ரேம் ஸ்லாட்டுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள், பல போர்டுகளில் அந்த நெளிவு கண்ணுக்கே தெரியும். இவ்வளவு செய்தும் போதாது. சாக்கெட்டின் ஊசிகள், ஈயப் பற்று, சில்லின் உள்ளே ஓடும் ஒயர், அன்றைய சூடு எல்லாமே சில பிக்கோ நொடிகளை முன்னே பின்னே தள்ளும். தொழிற்சாலையில் யாரும் உங்கள் போர்டையும் உங்கள் ரேமையும் சேர்த்துவைத்து அளந்ததில்லை. அந்த ஜோடி உங்கள் மேஜையில்தான் முதல்முறை சந்திக்கிறது. ஆகவே ஆன் செய்ததும் கம்ப்யூட்டர் தன் கம்பிகளைத் தானே அளக்கிறது. ‘மெமரி டிரெயினிங்’ என்பது இதுதான்.

எப்படி அளக்கிறது என்பதுதான் அழகு. 16 ஜிபி ரேமில் பெரும்பாலும் எட்டு சில்லுகள், நடுவுக்கு இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு. டேட்டா கம்பிகள் ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாக நேரே போகின்றன. எல்லாவற்றுக்கும் தாளம் போடும் கிளாக் சிக்னல் அப்படிப் போவதில்லை. முதல் சில்லைத் தொட்டு, இரண்டாவதைத் தொட்டு, கடைசி வரை ஒரே கோடாக ஓடுகிறது. கல்லணையில் ஷட்டரைத் தூக்கிய நிமிடமே வேதாரண்யத்தில் தண்ணீர் நிற்பதில்லை. தலைமடைக்காரர் நாற்று விட்டு முடிக்கும்போது கடைமடைக்காரர் வாய்க்கால் கரையில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். ரேமிலும் கடைமடை உண்டு. முதல் சில்லுக்கும் நான்காவது சில்லுக்கும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் இடைவெளி. ஒரு முழு பிட்டின் நீளத்தைவிட அது அதிகம். எல்லாச் சில்லுக்கும் டேட்டாவை ஒரே கணத்தில் அனுப்பினால், கடைசிச் சில்லுக்கு கிளாக் வருவதற்குள் அதற்குரிய பிட் வந்து போயிருக்கும்.

எனவே பிராசசருக்குள் இருந்து ரேமை மேய்க்கும் கண்ட்ரோலர் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகக் கேட்கிறது. டேட்டாவோடு துணைக்குப் போகும் ‘ஸ்ட்ரோப்’ என்ற துடிப்பை அனுப்பி, “இது உன்னிடம் வந்த நேரத்தில் கிளாக் வந்துவிட்டதா?” என்று விசாரிக்கிறது. சில்லுக்குப் பேசத் தெரியாது. இன்னும் இல்லை என்றால் 0, வந்துவிட்டது என்றால் 1. அவ்வளவுதான் பதில். 0 வந்தால் கண்ட்ரோலர் துடிப்பைச் சில பிக்கோ நொடி தள்ளி அனுப்பி மறுபடி கேட்கும். 0. இன்னும் கொஞ்சம் தள்ளும். 0. இன்னும் கொஞ்சம். 1! பதில் மாறிய அந்த இடம்தான் அந்தச் சில்லின் சரியான தாமதம். அதைக் குறித்துக்கொண்டு அடுத்த சில்லுக்குப் போகும். பிக்கோ நொடியை அளக்கும் விலை உயர்ந்த கருவி எதுவும் போர்டில் கிடையாது. ஆமாம், இல்லை என்ற இரண்டே பதிலை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்டே அந்த நுணுக்கத்தை எட்டிவிடுகிறது.

இது எழுதுவதற்கான நேரம் மட்டும். படிக்கும்போது திரும்பி வரும் பிட்டை எந்தக் கணத்தில் பார்ப்பது, எத்தனை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 1 என்று கொள்வது என்று இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. ஏற்கெனவே தெரிந்த ஒரு பிட் வரிசையை அனுப்பி, நேரத்தையும் வோல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, எங்கெல்லாம் சரியாக வருகிறது, எங்கெல்லாம் தப்பாக வருகிறது என்று பார்ப்பார்கள். சரியாக வரும் இடங்களைக் கட்டம் போட்டுக் குறித்தால் நடுவில் ஒரு திட்டு கிடைக்கும். அந்தத் திட்டின் நட்டநடுவைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் இந்தச் சோதனை நடக்கிறது. ரேமின் அளவும் எண்ணிக்கையும் கூடக் கூட நேரமும் கூடும். டிடிஆர்5 வந்த பிறகு, நான்கு ரேம் போட்ட ஏஎம்5 போர்டு முதல்முறை பல நிமிடங்கள் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருப்பது சகஜம்.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழும். ரேமே இன்னும் தயாராகவில்லை என்றால், ரேமைத் தயார் செய்யும் புரோகிராம் தன் கணக்குகளை எங்கே எழுதிவைக்கும்? இன்டெல் பிராசசர்களில் உள்ளே இருக்கும் கேஷ் நினைவகத்தைத் தற்காலிக ரேமாக நடிக்கவைப்பார்கள். ரைசனில் ஏற்பாடு வேறு. பெரிய கோர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்க, உள்ளே மறைந்திருக்கும் ஒரு குட்டி ஆர்ம் பிராசசர், தனக்கென்று உள்ள சிறு நினைவகத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையை முடிக்கும். ரேம் தயாரான பிறகே பெரியவர்களை எழுப்பும். திரையில் எழுத்துக் காட்ட வேண்டியவர்கள் அந்தப் பெரியவர்கள்தான். அவர்கள் எழாதவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

இப்போது தம்பி செய்வதைப் பாருங்கள். டிரெயினிங் முடிந்தால்தான் அதன் முடிவுகள் போர்டில் பதிவாகும். பாதியில் அணைத்தால் ஒன்றும் மிஞ்சாது, அடுத்த முறை முதல் கம்பியிலிருந்து ஆரம்பம். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்துக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் முடியாது. ராகு காலத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: 167 பிக்கோ நொடியைப் பார்த்து வேலை செய்யும் சாதனத்துக்கு ஒன்றரை மணி நேரக் கணக்கு எதற்கும் உதவாது. ஆனால் அப்பாயி பேச்சைக் கேட்டு, மிஷினை ஆன் செய்துவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய், திருஷ்டி சுற்றித் தெருமுனையில் நசுக்கிவிட்டு வந்திருந்தால், டிரெயினிங் முடிந்து டிஸ்ப்ளே வந்திருக்கக்கூடும்! பெயர் எலுமிச்சம்பழத்துக்குப் போயிருக்கும். பல பரிகாரங்கள் பலிப்பது இப்படித்தான். பரிகாரம் செய்யும் நேரத்தில் யாரும் எதையும் நோண்டுவதில்லை.

அதே மாடல் ரேம்தானே, நான்கு போட்டால் என்ன என்பது அடுத்த சந்தேகம். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு இரண்டு ஸ்லாட்டுகள் ஒரே கம்பிகளைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. வழியில் ஒரு கிளை வந்தாலே சிக்னலில் ஒரு பங்கு மோதித் திரும்பும். திரும்பிய அலை அடுத்து வரும் பிட்டின் மேல் ஏறி அதைக் குழப்பும். மேலே சொன்ன அந்தத் திட்டு சுருங்கிவிடும். இரண்டு ரேம் மட்டும் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடச் சொல்வதும் இதற்காகத்தான். கோட்டின் கடைசி முனையில் ரேம் இருந்தால், அதைத் தாண்டி வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி இருக்காது. ரைசன் 7000 வரிசைக்கு நான்கு ரேமோடு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் 3600 மட்டுமே. 6000 என்று பெட்டியில் இருப்பது இரண்டுக்குத்தான், அதுவும், கம்ப்யூட்டரை எழுப்பும் புரோகிராமான பயாஸில் எக்ஸ்போ என்ற வேகம் கூட்டும் அமைப்பைப் போட்டால். நான்கு மாட்டிவிட்டு 6000-ஐ எதிர்பார்ப்பது அதிர்ஷ்டப் பரிசு.

பொறியியல் கல்லூரியில் டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. எதிரொலிக்கும் அலை, இம்பீடன்ஸ், ஸ்மித் சார்ட். பாதிப் பேர் அரியர் வைப்பது அதில்தான். அலைகள் மோதித் திரும்புவதை எங்கே பார்ப்பது என்று யாரும் காட்டாததால், சூத்திரத்தை உருப்போட்டு எழுதிவிட்டுப் போகிறார்கள். வீட்டு மேஜையிலேயே இருக்கிறது. 2021-இல் ஒன்றிய அரசு செமிகண்டக்டர் திட்டத்துக்கு 76,000 கோடி ரூபாய் அறிவித்தது. நல்லது. ஆனால் பெரிய தொகை எப்போதும் பெரிய கட்டடத்துக்குப் போகிறது. சென்னை ஐஐடியில் ‘சக்தி’ என்று நம் ஆட்கள் சொந்தமாக பிராசசரே வடிவமைத்திருக்கிறார்கள். அதைப் போன்ற வேலைக்கும், திருச்சி, தஞ்சாவூர் கல்லூரி லேப்களில் மாணவர்கள் தொட்டுப் பார்க்க ஒரு நல்ல அதிவேக ஆசிலோஸ்கோப்புக்கும் காசு போக வேண்டும் என்பது என் கட்சி. ரேமை டிரெயின் செய்யும் புரோகிராம் இன்றைக்கும் பெரும்பாலும் பிராசசர் கம்பெனிகளின் பூட்டிய பெட்டி. நம் பிள்ளைகள் அதைத் திறந்து படிக்க வழியில்லை.

தம்பி செய்ய வேண்டியது இது. மின்சாரத்தை அடியோடு நிறுத்தி, போர்டில் உள்ள பொத்தான் பேட்டரியைக் கழற்றியோ சிமாஸ் ஜம்பர் என்ற இரண்டு ஊசிகளைச் சேர்த்தோ பயாஸின் பழைய அமைப்பை அழியுங்கள். 6000 என்று நீங்கள் முன்பு வைத்த எக்ஸ்போ அதோடு போய்விடும். நான்கு ரேமையும் கழற்றி, கிளிப் ‘டக்’ என்று சொல்லும்வரை அழுத்தி மாட்டுங்கள். ரேமின் தங்கப் பல்லை அழிரப்பரால் தேய்க்கச் சொல்வார்கள். வேண்டாம், அந்த முலாம் மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அழுக்குப் பிடித்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒருமுறை துடைத்தால் போதும். அப்புறம் ஆன் செய்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கிட்டேயே போகாதீர்கள். நடுவில் தானாக அணைந்து தானாக எரியும், அது ஒரு வேகத்தில் தோற்று அடுத்ததற்கு இறங்குவதாக இருக்கலாம். மின்வெட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து, எனவே யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் ஒரே ஒரு ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றாக மாற்றினால் எந்த ரேம் கெட்டது, எந்த ஸ்லாட் கெட்டது என்பது தெரிந்துவிடும். வந்துவிட்டால் பயாஸை இப்போதைய பதிப்புக்கு மாற்றுங்கள், ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ என்ற வசதி இருக்கிறதா பாருங்கள். அதை இயக்கினால் பழைய அளவுகளை வைத்துக்கொண்டு சீக்கிரம் எழும். ஆனால் மார்கழி விடியலில் அளந்த கணக்கு சித்திரை மதியத்துக்கு ஒத்துவராமல் போகலாம். இடையிடையே மிஷின் தொங்க ஆரம்பித்தால் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள்.